வலிச்சா சொல்ல மாட்டேனா

அப்பா வலது காலை ஷூவுக்குள் விட்டபோது தேள் அதற்குள்தான் இருந்தது. காலை விட்டார், குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி உள்ளே தள்ளினார், குனிந்து கயிறு கட்டினார், நாற்காலியிலிருந்த பைபிளை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி ஆராதனைக்கு அவர் எப்போதும் அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுவார். வாசற்படியில் நின்றபடி, ரயில்வே சுவரோரம் ஆறு மாதமாகக் கிடக்கிற கருங்கல் குவியலை அள்ளச் சொல்லி வீட்டுக்காரரிடம் பேச வேண்டும், மழை பெய்தால் அதிலிருந்து என்னென்னவோ வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து அவர் காலைப் பார்த்தாள். ஷூவின் நாக்குக்கும் கயிற்றுக்கும் நடுவே செம்பழுப்பாக ஒரு வால் எட்டிப்பார்த்தது. அது மடங்கி மடங்கிக் குத்திக்கொண்டிருந்தது.

"கால்ல பாருங்க," என்றாள் அம்மா.

அப்பா குனிந்து பார்த்தார். கத்தினார். ஐயோ ஐயோ என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்திக்கொண்டு, காலை உதறிக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தார். பைபிள் கழுவிவிட்ட வாசலில் விழுந்தது. நான் கயிற்றை அவிழ்த்து ஷூவை உருவி, விளக்குமாற்றுக் கட்டையால் தேளை வெளியே தள்ளி அடித்தேன். எதிர்வீட்டு டென்சில் அண்ணன் பல்துலக்கிக்கொண்டிருந்தவர், வாயில் நுரையோடு ஆட்டோவைத் திருப்பினார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பெற்ற அப்பாவைச் செந்தேள் கொட்டியிருக்கிறது, அவர் வலியில் கத்துகிறார், ஆட்டோவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருக்கிற மகளுக்கு நெஞ்செல்லாம் சந்தோஷம். காலில் உணர்வு இருக்கிறது, உணர்வு இருக்கிறது என்று மனசுக்குள் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். காலை விட்டவுடனே ஏன் கத்தவில்லை என்ற கேள்வியும் வராமல் இல்லை. தேள் முதலில் சும்மா இருந்திருக்கும், கயிற்றை இறுக்கிய பிறகுதான் கொட்டியிருக்கும் என்று நானே அதற்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். வேண்டிய பதிலைத் தயாரிப்பதில் எங்கள் குடும்பமே கெட்டிக்காரக் குடும்பம்.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பதினான்கு வருஷமாகிறது. போன வருஷம் அவருடைய ஸ்கூட்டரின் சைலென்சரில் வலது கால் ஒட்டிக்கொண்டு, சாக்ஸ் கருகும் வாசனை வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. சுண்டுவிரலை எடுத்தார்கள். அதன் பிறகு பாதத்துக்கென்றே இருக்கிற டாக்டர் சேஷகிரியிடம் காட்டினோம். உணர்வு போன கால், காவல் இல்லாத வீடு மாதிரி, யார் உள்ளே வருகிறார்கள் என்றே தெரியாது என்றார் அவர். அப்பா அபார்ட்மென்ட் கேட்டில் பதினெட்டு வருஷமாக செக்யூரிட்டியாக நிற்கிறவர், அதனால் அந்த உதாரணம் அவருக்கு நன்றாகவே பிடிபட்டது. உணர்வு இல்லையென்றால் இனிமேல் நிற்கிற வேலை கூடாது, வீட்டில் வேறு ஒருவர் தினமும் சாயங்காலம் பாதத்தை முன்னும் பின்னும் பார்க்க வேண்டும், அடுத்த முறை ஒரு புண் எலும்புக்குப் போனால் விரலோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். உணர்வு இருந்தால் இவ்வளவு கெடுபிடி தேவையில்லை.

சோதனை செய்தது அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஒரு சின்னப் பெண். அப்பாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நைலான் நரம்பு மாதிரி ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டாள். ஒவ்வொரு தடவை தொடும்போதும் தெரிந்ததா என்று கன்னடத்தில் கேட்டாள். "கொத்தாய்தா அங்கிள்?" அப்பா "ஆமா" என்றார். "கொத்தாய்தா?" "ஆமா." ஊசியால் குத்தி அவள் கேட்டபோது காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உணர்வு இருக்கிறது என்று அவள் எழுதிக்கொடுத்தாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பதுதான் என் வேலை, காக்ஸ்டவுனிலும் ஃபிரேசர்டவுனிலும் ஒரு நாளைக்கு நாற்பது பேரையாவது ஊசியால் குத்துகிறேன். அந்த எனக்கே, கேட்கக்கூடாது, கேட்டால் பதிலைக் கையில் கொடுத்த மாதிரி என்று தோன்றவில்லை. அன்றைக்கு அம்மா சர்க்கரை இல்லாமல் சேமியாப் பாயசம் வைத்தாள். அதன் பிறகு அவர் பாதத்தைப் பார்க்கிறேன் என்று அம்மா எப்போது போனாலும் காலை மடக்கிக்கொள்வார். "வலிச்சா நான் சொல்ல மாட்டேனா?" என்பார். நியாயமான பேச்சாகத்தான் இருந்தது.

கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடும்வரை பதிமூன்று வருஷம் பூமிக்கு அடியில் வேலை செய்தவர் அப்பா. அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை இரண்டு. ஒன்று, கம்பெனியின் மெடிக்கல் செக்கப்பில் தப்பிப்பது எப்படி என்ற கதைகள். வருஷத்துக்கு ஒரு முறை டாக்டர் மார்பில் குழாய் வைப்பாராம். தூசி அடைத்த நெஞ்சுக்காரர்கள் முந்தின நாள் என்ன குடிக்க வேண்டும், மூச்சை எப்போது பிடித்து எப்போது விட வேண்டும், இருமலை எப்படி விழுங்க வேண்டும் என்று வரிசையில் நிற்கும்போதே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்களாம். காது கேட்காத ஒருவர் டாக்டரின் உதட்டைப் பார்த்தே எட்டு வருஷம் ஃபிட் சர்டிஃபிகேட் வாங்கினார் என்பதை அப்பா நடித்தே காட்டுவார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

இன்னொன்று அவருடைய மார்க் லிஸ்ட். சின்ன வயதில் எனக்குக் கதைக்குப் பதில் அதுதான். எந்தப் பூச்சி கொட்டினால் அதிகம் வலிக்கும் என்று கேட்பேன். கட்டெறும்புக்கு ஒன்று, தேனீக்கு இரண்டு, குளவிக்கு நாலு என்று பத்துக்கு மார்க் போடுவார். பூரானுக்கு ஐந்து, ஆனால் படுத்திருக்கும்போது கடித்தால் ஆறு. கதண்டுக்கு ஏழு, அதுவும் ஒன்றே ஒன்று கொட்டினால். கருந்தேள் பார்க்கத்தான் பெரிசு, அதற்கு ஐந்துக்கு மேல் கொடுக்க மாட்டார். செந்தேளுக்கு மட்டும் பத்து. எல்லாவற்றிடமும் கொட்டு வாங்கியவர் என்பதால் இந்த மார்க்கில் யாரும் குறை சொல்ல முடியாது. செந்தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நர்ஸ், வலிக்குப் பத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டாள். அப்பா யோசிக்கவே இல்லை. "பத்து," என்றார். வலியில் இருக்கிறவர்கள் எனக்குத் தெரியாதவர்கள் இல்லை. அவர்களுக்கு அந்தக் கேள்வியே எரிச்சலாக இருக்கும். கணக்கு வாத்தியார் கேட்ட மாதிரி யாரும் டக்கென்று எண் சொல்ல மாட்டார்கள். அப்போது அதையும் நான் கவனிக்கவில்லை. அவருக்கு வேர்த்துக் கொட்டியது, கைகள் ஐஸாகக் குளிர்ந்திருந்தன, நாடி துள்ளியது. விஷம் ஏறியிருந்தது, அது பொய்யில்லை. அதற்கான மாத்திரையைக் கொடுத்துவிட்டு, இதயத்தைக் கவனிக்க ஒரு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார் டியூட்டி டாக்டர். கொட்டின இடத்தைப் பார்க்க நான் சாக்ஸை உருவினேன்.

குதிகாலில் சாக்ஸ் வரவில்லை, ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து உரித்தபோது ஒரு வாடை வந்தது. அந்த வாடையை எனக்குத் தெரியும், வயதானவர்கள் படுத்த படுக்கையாய் இருக்கும் வீடுகளில் கதவைத் திறந்ததும் வருவது. பாதத்தின் மேல் தேள் கொட்டிய மூன்று புள்ளிகள் சிவந்திருந்தன. அடியில், குதிகாலில், எட்டணாக் காசு அளவுக்கு ஒரு கறுத்த குழி. டியூட்டி டாக்டர் தேளை மறந்துவிட்டு இடுக்கியை உள்ளே விட்டு, அரை விரல் நீளத்துக்கு ஒரு துருப்பிடித்த கம்பியை வெளியே எடுத்தார். கட்டிட வேலையில் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுகிற மெல்லிய கட்டுக்கம்பி. அப்பாவின் அபார்ட்மென்டுக்குப் பக்கத்து மனையில் இரண்டு மாதமாகக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. அந்தக் கம்பி உள்ளே போய் மூன்று வாரமாவது இருக்கும் என்றார் டாக்டர். அதை எடுக்கும்போது அப்பா மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் தன் முகத்தைப் பார்ப்பது தெரிந்ததும், "ஸ்" என்றார்.

பிற்பகலில் டாக்டர் சேஷகிரி ஞாயிறென்றும் பார்க்காமல் வந்தார். எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கிருமி குதிகால் எலும்புக்குப் போய்விட்டது. என்னை வராந்தாவுக்கு அழைத்து, இரண்டு வழி இருக்கிறது என்றார். பாதத்தின் முன்பக்கத்தில் உணர்வு இருந்தால், எலும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து பாதத்தைக் காப்பாற்ற முயற்சி செய்யலாம். உணர்வு இல்லையென்றால் அந்த முயற்சியில் அர்த்தமில்லை, மறுபடி புண் வரும், கிருமி ரத்தத்தில் ஏறினால் கால் மட்டுமல்ல ஆளே போய்விடுவார், முழங்காலுக்குக் கீழே எடுப்பதுதான் சரி. தேள் கொட்டியபோது கத்தினாரா என்று கேட்டார். தெருவே கேட்டது சார் என்றேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நல்லது, அப்படியானால் முன்பக்கம் மிச்சமிருக்கிறது, காலையில் முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு கத்தலைப் பிடித்துக்கொண்டு நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அம்மா குழாயடியில் அப்பாவின் துண்டை அலசிக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். முன்பக்கம் நன்றாக இருக்கிறது, கத்தினாரே, அதுவே போதுமாம் என்றேன். அம்மா துண்டைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"மலரு, அவருக்குக் கொட்னதே தெரியல," என்றாள்.

"கத்தினாரேம்மா."

"அதான் சொல்றேன். கத்தினாரே."

அதற்குப் பிறகு அம்மா சொன்னதை நான் கோத்துச் சொன்னால்தான் புரியும், அவள் துண்டு துண்டாகச் சொன்னாள். கல்யாணமான மூன்றாம் மாதம், தங்கவயலில் தகரக் கூரை போட்ட, சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் விறகுக் கூடைக்குள் கைவிட்ட அப்பாவைச் செந்தேள் கொட்டியது. அம்மா கண்ணெதிரில். அவர் ஒரு சத்தம் போடவில்லை. தரையில் உட்கார்ந்தார், தோளிலிருந்த துண்டை எடுத்து நாலாக மடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். உடம்பெல்லாம் தண்ணீராக ஓடியது, கண் பிதுங்கியது, கழுத்து நரம்பு கயிறு மாதிரி எழுந்து நின்றது, ஆனால் மதியம் முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்து அம்மா பக்கத்து வீடுகளுக்கு ஓடினாள். அந்த லைன் பெண்கள் யாரும் பதறவில்லை. விடு, இந்த லைனில் எல்லா ஆம்பிளையும் இப்படித்தான் என்றார்களாம். சுரங்கத்துக்குள் கத்துவதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். பாறை வெடிக்கிறது, ஓடு. ஒருவன் தன் விரல் நசுங்கியதற்குக் கத்தினால், அவன் பக்கத்தில் முட்டு மரத்தைத் தாங்கிக்கொண்டிருப்பவன் கையை விட்டுவிட்டு ஓடுவான், அந்த மரம் இன்னொருவன் மேல் விழும். அதனால் சொந்த வலிக்கு அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. கொஞ்ச நாளில் அது உடம்பிலேயே ஊறிவிடும். மேலே வந்தாலும், வீட்டில் இருந்தாலும், நிஜமான வலி வந்தால் தொண்டை தானாகப் பூட்டிக்கொள்ளும்.

"மறுநாள் துண்டுல பல்லு பல்லா ஓட்டை," என்றாள் அம்மா. "தைச்சு வெச்சேன். உன்ன ஆஸ்பத்திரிலேருந்து அதுலதான் சுத்தி எடுத்தாந்தேன்."

எனக்கு அம்மாவின் மேல் கோபம் வந்தது. பொய் சொல்கிறாள் என்று நினைக்க ஆசையாக இருந்தது. ஆனால் நானும்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு வருஷம் முன்னால் அபார்ட்மென்ட் இரும்புக் கேட்டில் விரல் மாட்டி, நகம் தொங்கிக்கொண்டு வந்தார். வாயில் கைக்குட்டை. நான் கட்டுப்போடும்வரை அதை எடுக்கவில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் என் அப்பா வலியில் கத்தி நான் கேட்டது இன்று காலை ஒரு தடவைதான். அதைக் கேட்டுத்தான் சந்தோஷப்பட்டேன்.

அவர் எங்களுக்காக நடித்தார். வாலைப் பார்த்தார், இந்த நேரத்தில் மற்றவர்கள் எல்லாம் என்ன செய்வார்கள் என்று ஒரு கணம் யோசித்தார், கத்தினார். மெடிக்கலில் பாஸாக வேண்டிய அவசரத்தில், தன் ஜனம் வலித்தால் எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோனார்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்வையாளர்கள் நேரம் தொடங்கி வார்டு சந்தை மாதிரி ஆனது. அப்பாவுக்கு வேர்வை நின்றிருந்தது. கட்டிலில் சாய்ந்து, பக்கத்துக் கட்டில்காரரிடம் செந்தேளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கிட்டே வரச் சொன்னார்.

"காலைல டாக்டர் வந்து கேட்டா நீயும் சொல்லு. நல்லா வலிச்சுது, நான் கத்தினது உனக்கே கேட்டுச்சுன்னு சொல்லு."

"உங்களுக்கு வலிச்சுதாப்பா?"

"இன்னா கேள்வி இது? வலிச்சா சொல்ல மாட்டேனா?" சிரிக்கப் பார்த்தார். பிறகு குரலை இறக்கி, "மைன்ஸ்ல அன்ஃபிட்னு எழுதிட்டா அன்னிக்கே ஆள் முடிஞ்சுது மலரு. வூட்ல உக்காந்து சுவத்தப் பாத்துக்கினே போய்ட்டவங்கள எத்தினி பேர நான் தூக்கியிருக்கேன். அப்படி என்ன உக்கார வெச்சுராத," என்றார்.

என் வேலைப் பையிலிருந்து ஒரு புது ஊசியை எடுத்தேன். கண்ணை மூடிக்கொள்ளுங்கள் என்றேன். நல்ல பிள்ளையாக மூடிக்கொண்டார். முகம் பரீட்சை எழுதுகிற முகமாக மாறியது. காது கூர்மையாகிக் காத்திருப்பது தெரிந்தது, நான் கேட்பேன், அவர் பதில் சொல்வார் என்று. நான் கேட்கவில்லை. வளையலை மேலே ஏற்றி இறுக்கிக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டு, தேள் கொட்டிய இடத்துக்குப் பக்கத்தில் குத்தினேன். ரத்தம் ஒரு சொட்டு உருண்டு நின்றது. அப்பா காத்திருந்தார். நேரம் கடந்துவிட்டது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், "ஆமா," என்றார். கணுக்காலில் குத்தினேன். ஒன்றுமில்லை. கெண்டைக்காலில் இரண்டு இடம். ஒன்றுமில்லை. பிறகு, "ஆமா," என்றார், அப்போது என் கை போர்வை மேல் இருந்தது. இன்னும் மேலே போனேன். முழங்காலுக்கு நாலு விரல் கீழே குத்தியபோது அவர் இமை இறுகியது. உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் ஆமா சொல்லவில்லை.

காலையில் டாக்டருக்குக் காட்ட, பேனாவை எடுத்து அங்கே ஒரு சின்னப் புள்ளி வைத்தேன். ஊசியை மூடிப் பையில் போட்டேன். அம்மா ஈரத் துண்டோடு கால்மாட்டில் வந்து நின்று, புள்ளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்பா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"ஆமா," என்றார். கொஞ்சம் பொறுத்து, தலையை ஆட்டி, "ஆமா," என்றார் மறுபடி.